யாருக்காக, எங்கே நின்று: 'குரல் கொடுத்தார்' என்று எழுதும் முன்

ராமநாதபுரம் கடற்கரையில் நாலு வரி நன்றாக எழுதுவார் என்று பேர் எடுத்துவிட்டால் போதும், வேலை வீடு தேடி வரும். ஊர்க்கூட்டத் தீர்மானம், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு மனு, வேலைநிறுத்தத்துக்குத் துண்டறிக்கை, சங்கத் தலைவருக்குப் பாராட்டு மடல், நிருபருக்கு அனுப்ப ஐந்து வரிச் செய்தி. எல்லாவற்றிலும் அடிப்படைச் சங்கதி ஒன்றுதான்: ஒருவரோ ஓர் ஊரோ ஒரு நியாயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு விடாமல் நிற்பது. அதைச் சொல்ல வரும்போது கை தானாக எழுதுவது 'குரல் கொடுத்தார்'. தப்பில்லை. ஆனால் மனுவிலும் அதே சொல், மேடையிலும் அதே சொல், இரங்கல் சுவரொட்டியிலும் அதே சொல் என்றால் அதற்குக் கனம் போய்விடும்.

தமிழில் இந்தக் கருத்துக்கு வினைகள் ஏராளம். அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாது. பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதை ஒவ்வொரு வினையும் காட்டிக்கொடுத்துவிடும்: பாதிக்கப்பட்டவர்களில் ஒருவராகவா, அவர்களுக்குப் பக்கத்திலா, முன்னாலா, மேலேயா? எழுத உட்காரும் முன் இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துவிட்டால் பாதிச் சொற்கள் தாமாகவே விலகிக்கொள்ளும்.

குரல் கொடு, குரல் எழுப்பு

"அண்ணே, கடலுக்குப் போகும்போது ஒரு குரல் கொடுங்க." கரையில் அன்றாடம் கேட்கிற பேச்சு இது. கூப்பிடுங்கள் என்று பொருள். 'குரல் கொடு' என்பதன் இயல்பான பொருள் இதுதான், ஒரு தடவை கூப்பிடுவது. நியாயத்துக்காகப் பேசுவது என்பது அதிலிருந்து விரிந்த பொருள். இதனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது வேற்றுமை உருபு. ஆட்களைச் சொல்லும்போது '-க்கு' போதாது, '-க்காக' வேண்டும். 'படகில் இருந்தவர்களுக்குக் குரல் கொடுத்தார்' என்றால் அவர்களைக் கூப்பிட்டார் என்றே இந்தக் கரையில் படிப்பார்கள். 'படகில் இருந்தவர்களுக்காகக் குரல் கொடுத்தார்' என்றால்தான் அவர்கள் சார்பில் பேசினார் என்றாகும். கோரிக்கையைச் சொல்லும்போது இந்தக் குழப்பம் வராது. 'கோரிக்கைக்குக் குரல் கொடுத்தார்' என்று எழுதலாம், ஏனென்றால் கோரிக்கையை யாரும் கூப்பிடுவதில்லை.

இரண்டாவது கால அளவு. ஒரு தடவை கொடுப்பதுதான் குரல். பத்து வருடம் அலைந்தவரை 'குரல் கொடுத்தார்' என்று முடித்தால் ஒரு நாள் பேசிவிட்டுப் போனவர்போல ஆகிவிடும். 'தொடர்ந்து குரல் கொடுத்து வருகிறார்' என்று நீட்டலாம். அதைவிட, அவர் செய்த வேலையைச் சொல்லும் வேறு வினைக்குப் போவது நல்லது.

'குரல் எழுப்பு' இதன் தம்பி, குணம் வேறு. அமைதியாக இருந்த இடத்தில் ஓசை கிளம்புவதை அது சொல்கிறது. 'எதிராக', 'குறித்து', 'பற்றி' ஆகியவற்றோடு நன்றாகச் சேரும்: 'இரட்டைமடிக்கு எதிராகக் குரல் எழுப்பினர்' (இரண்டு விசைப்படகுகள் சேர்ந்து இழுக்கும் மடிவலைதான் இரட்டைமடி), 'சட்டமன்றத்தில் இது குறித்துக் குரல் எழுப்பினார்'. ஆதரவுக்குக் குரல் கொடு, எதிர்ப்புக்குக் குரல் எழுப்பு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறு நேராது.

பரிந்து பேசுவதும் வக்காலத்து வாங்குவதும்

'பரிவு' உள்ளே இருக்கும் சொல் 'பரிந்து பேசு'. பேசுகிறவருக்கு அந்தத் துன்பம் நேரடியாக இல்லை, ஆனாலும் மனம் இளகிப் பேசுகிறார். ஆகவே தனக்காக யாரும் பரிந்து பேச முடியாது. வழக்கமான தவறு நடப்பதும் இங்கேதான்.

பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி கடற்பாசி எடுக்கும் பெண். மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிப் பாசி எடுக்கும் பெண்களின் தலைவியாகப் பேசியதற்காக 2015இல் அவருக்கு சீகாலஜி என்ற பன்னாட்டுப் பரிசு கிடைத்தது. அவரைப் பற்றி எழுதும்போது 'பாசி எடுக்கும் பெண்களுக்காகப் பரிந்து பேசினார்' என்றால் சொல் அவரைக் கரையில் நிறுத்திவிடுகிறது. அவரோ தண்ணீருக்குள் இறங்கிப் பாசி எடுத்தவர். 'பாசி எடுக்கும் பெண்களின் குரலாக நின்றார்', 'தம் தொழில் உரிமையை வலியுறுத்தினார்', 'முன்னின்று பேசினார்' ஆகிய மூன்றும் சரி. '-க்காக' என்ற உருபுகூட இங்கே கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறது. 'பெண்களுக்காக' என்பதைவிடப் 'பெண்களின்' என்பது அவரை உள்ளே வைக்கிறது.

அதே சமயம், ஆய்வாளர் ஒருவர், பங்குத்தந்தை ஒருவர், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் அந்தப் பெண்களுக்காகப் பேசினால் 'பரிந்து பேசினார்' மிகப் பொருத்தம். பேச்சு வழக்கில் இதுவே 'பரிஞ்சுக்கிட்டு வர்றது' என்று ஆகும்போது சாயல் மாறிவிடும். "நீங்க ஏன் அவனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்றீங்க?" என்று கேட்டால், உங்களுக்குச் சம்பந்தமில்லாததில் தலையிடுகிறீர்கள் என்று அர்த்தம். பாராட்டு மடலில் 'பரிந்துகொண்டு வந்தார்' என்று எழுதிவிடக் கூடாது.

'வக்காலத்து வாங்கு' இன்னும் ஒரு படி கீழே. நீதிமன்றத்தில் கட்சிக்காரர் வழக்கறிஞருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம் வக்காலத்து. யாரும் கொடுக்காத அந்த அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொண்டு பேசுகிறார் என்ற குத்தல், நீதிமன்றத்துக்கு வெளியே இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'மீனவர்களுக்கு வக்காலத்து வாங்கிய தலைவரே' என்று சுவரொட்டி அடித்தால் அது புகழ்ச்சி ஆகாது. தப்பைத் தெரிந்தே மூடப் பார்ப்பதற்குச் 'சப்பைக்கட்டு கட்டு', சொந்தக் கருத்தில்லாமல் கூடவே ஓசை எழுப்புவதற்கு 'ஒத்து ஊது'. இரண்டும் வசவுச் சொற்கள். எதிர்த்தரப்பைப் பற்றி எழுதும்போதுகூட மனுவில் இவற்றுக்கு இடமில்லை.

'வாதாடு' தனி. ராமநாதபுரம் மாவட்டத்து வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை போனால் 2004இல் தொடங்கிய மதுரைக் கிளைக்குப் போகும். அங்கே வாதாடுபவர் வழக்கறிஞர். சங்கத் தலைவர் 'வழக்குத் தொடர்ந்தார்' அல்லது 'மனுத் தாக்கல் செய்தார்'. 'சங்கத் தலைவர் நீதிமன்றத்தில் வாதாடினார்' என்று எழுதினால் அவரே எழுந்து நின்று வாதம் வைத்தார் என்று ஆகும். வைத்திருந்தால் எழுதுங்கள். நீதிமன்றத்துக்கு வெளியே, 'அதிகாரிகளிடம் வாதாடி ஒப்புக்கொள்ள வைத்தார்' என்பது நல்ல பயன்பாடு.

கொடி, போர்க்கொடி, வரிந்துகட்டு

கொடியோடு சேர்ந்த தொடர்களை இந்தக் கரையில் கவனமாகக் கையாள வேண்டும், ஏனென்றால் இங்கே கொடி என்பது உவமையாக மட்டும் வருவதில்லை. படகுகளில் கருப்புக்கொடி கட்டுவது இங்கே நிஜமான போராட்ட முறை. 'மீனவர்கள் கொடி பிடித்தனர்' என்று எழுதினால் கொடி கட்டினார்களா, வெறும் உவமையா என்று படிப்பவருக்குத் தெரியாது. நடந்ததைச் சொல்லும்போது 'படகுகளில் கருப்புக்கொடி கட்டினர்' என்றே எழுதுங்கள்.

உவமையாக வரும்போது 'கொடி பிடி' கட்சித் தொண்டனைக் காட்டும். 'அவருக்குக் கொடி பிடிக்கிறான்' என்பதில் மரியாதை குறைவு. 'தூக்கிப் பிடி' என்பது தகுதிக்கு மேல் உயர்த்துவது. 'உயர்த்திப் பிடி' மட்டும் தூய்மையானது, ஆனால் அது கொள்கைக்கும் உரிமைக்கும்தான் பொருந்தும். 'சமத்துவத்தை உயர்த்திப் பிடித்தார்' சரி, 'மீனவர்களை உயர்த்திப் பிடித்தார்' சரியில்லை.

'போர்க்கொடி தூக்கு' அல்லது 'போர்க்கொடி உயர்த்து' என்பதைப் பலர் ஆதரவுக்குப் பயன்படுத்துகிறார்கள். அது எதிர்ப்புச் சொல், அதிலும் தன் தரப்புக்குள்ளேயே கிளம்பும் எதிர்ப்பைச் சொல்வதுதான் வழக்கம். 'சங்கத் தலைமைக்கு எதிராக உறுப்பினர்கள் போர்க்கொடி தூக்கினர்' என்பது நேரான பயன்பாடு. 'கோரிக்கையை வென்றெடுக்கச் சங்கம் போர்க்கொடி உயர்த்தியது' என்று எழுதினால் சங்கத்துக்குள் சண்டையா என்ற கேள்விதான் முதலில் வரும்.

'வரிந்துகட்டு' வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்குவதைச் சொல்வது. தனியாக நிற்காது, 'வரிந்துகட்டிக்கொண்டு' என்று வினையெச்சமாக வந்து இன்னொரு வினையை எதிர்பார்க்கும். 'வரிந்துகட்டிக்கொண்டு வேலை செய்தார்கள்' என்றால் பாராட்டு. 'வரிந்துகட்டிக்கொண்டு வருகிறார்கள்' என்றால் சண்டைக்கு. பின்னால் வரும் வினைதான் தீர்மானிக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

'மல்லுக்கட்டு' '-ஓடு' ஏற்கும்: 'தடைக்கால நிவாரணத்துக்காக அலுவலகத்தோடு மல்லுக்கட்டினார்'. பேச்சு வாசம் உள்ள சொல். ஆளைப் பற்றிய கட்டுரையில் அழகாக உட்காரும், தீர்மானத்தில் உட்காராது. 'ஒற்றைக்காலில் நில்' விடாப்பிடியைச் சொல்லும், ஆனால் அந்தப் பிடிவாதத்தில் எழுதுகிறவருக்குச் சற்றுச் சலிப்பு இருப்பதாகவும் காட்டிவிடும்.

போராட்டம் என்று எல்லாவற்றையும் சொல்லாமல்

'போராடு' மூன்று விதமாக உருபு ஏற்கும். எதற்காக என்றால் '-க்காக', எதை எதிர்த்து என்றால் '-ஐ எதிர்த்து', யாரோடு என்றால் '-உடன்' அல்லது '-ஓடு'. 'அலையோடு போராடிக் கரை சேர்ந்தனர்' என்று எழுதுகிற கையே 'அரசோடு போராடி' என்றும் எழுதும். அதில் தவறில்லை, ஆனால் 'அரசுடன் இணைந்து' என்று யாரும் புரிந்துகொள்ளாதபடி 'எதிர்த்து' என்றே வைப்பது பத்திரம்.

போராட்டம் என்ற பொதுச்சொல்லுக்குப் பதில், நடந்ததன் பெயரைச் சொல்வது எழுத்துக்குப் பலம். ஓரிடத்தில் நின்று முழக்கமிடுவது ஆர்ப்பாட்டம். சாலையிலோ ரயில் பாதையிலோ போக்குவரத்தைத் தடுப்பது மறியல். அலுவலகத்தைச் சூழ்ந்துகொள்வது முற்றுகை. படகுகளைக் கரையில் நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போகாமல் இருப்பது வேலைநிறுத்தம். முடிவு நாள் சொல்லாமல் தொடங்கினால் காலவரையற்ற வேலைநிறுத்தம். சாப்பிடாமல் இருப்பது உண்ணாவிரதம். மறியல் நடக்காத இடத்தில் மறியல் என்று எழுதிவிட்டால் போக்குவரத்தைத் தடுத்ததாக நீங்களே எழுதிக் கொடுத்ததாகும். வழக்கு வந்தால் உங்கள் துண்டறிக்கையையே காட்டுவார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் விசைப்படகுகள் எப்படியும் கரையில்தான் நிற்கும், ஆகவே அப்போது விசைப்படகு மீனவர்கள் 'கடலுக்குச் செல்லாமல் வேலைநிறுத்தம்' என்று எழுத முடியாது. போன வருடத்துத் துண்டறிக்கையை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றும்போது நேரும் தவறு இது.

தலைப்பில் 'கோரி', 'கண்டித்து', 'எதிர்த்து' மூன்றும் வரும். கேட்பதற்குக் கோரி, நடந்து முடிந்ததற்குக் கண்டித்து, நடக்கப் போவதற்கோ நடந்துகொண்டிருப்பதற்கோ எதிர்த்து. 'சிறைபிடிக்கப்பட்ட மீனவர்களை விடுவிக்கக் கோரி', 'சிறைபிடித்ததைக் கண்டித்து', 'திட்டத்தை எதிர்த்து'. இதில் ஒரு தொடரைத் தனியாகச் சொல்ல வேண்டும்: 'மீனவர் தாக்குதலைக் கண்டித்து ஆர்ப்பாட்டம்'. தாக்கியது யார்? மீனவரா, மீனவரைத் தாக்கினவரா? இலக்கணப்படி இரண்டும் சரி, அதனால்தான் ஆபத்து. 'மீனவர்கள் மீதான தாக்குதலைக் கண்டித்து' அல்லது 'மீனவர்கள் தாக்கப்பட்டதைக் கண்டித்து' என்று எழுதுங்கள். தட்டி அடிக்கிற கடையில் இடமில்லை என்று சொன்னால் எழுத்தைச் சிறிதாக்குங்கள், அந்தச் சொல்லை எடுக்காதீர்கள்.

முன்னே நிற்கும் சொற்கள்

"ஊர்க் காரியத்துக்கு முன்ன நிக்கிற ஆளு." இந்தக் கருத்துக்குப் பேச்சுத் தமிழில் இருக்கும் மிகச் சிறந்த சொல் இதுதான் என்பது எங்கள் எண்ணம். எழுத்தில் 'முன்னின்று' என்று ஆகும். 'முன்நின்று' என்று பிரித்து எழுத வேண்டியதில்லை. 'ஊரார் சார்பில் முன்னின்று பேசினார்', 'பாசி எடுப்பவர்களின் கோரிக்கையை முன்னின்று நடத்தினார்'. இதில் ஆரவாரம் இல்லை, ஆனால் அடி விழுந்தால் முதலில் இவர் மேல்தான் விழும் என்பது உள்ளே இருக்கிறது.

இதே 'முன்' வரும் மற்ற வினைகளைக் கலந்துவிடக் கூடாது. கோரிக்கையை 'முன்வை', தீர்மானத்தை 'முன்மொழி', பணியை அல்லது இயக்கத்தை 'முன்னெடு'. பத்திரிகைகளில் இப்போது பெருகிக் கிடக்கும் 'முன்னெடு' செயலைத்தான் செயப்படுபொருளாக ஏற்கும். 'மீனவர்களை முன்னெடுத்தார்' என்பது பிழை. கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என்ற இரண்டு பெயரும் கட்டாயம் இருக்க வேண்டும். 'தீர்மானத்துக்குக் குரல் கொடுத்தவர்' என்று எழுதினால் அந்தக் குறிப்புக்கு மதிப்பில்லை.

'பாடுபடு' நீண்ட கால உழைப்புக்கு. வலை இழுத்து வந்தவரிடம் "பாடு எப்படி?" என்று மீன் கிடைத்ததைப் பற்றிக் கேட்கிற ஊரில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு ஒலியும் உண்டு. '-க்குப் பாடுபட்டார்', '-க்காகப் பாடுபட்டார்' இரண்டும் சரி. இரங்கல் செய்திக்கும் பணி நிறைவு விழாவுக்கும் 'குரல் கொடுத்த' என்பதைவிட 'பாடுபட்ட' நன்றாகத் தாங்கும்.

எதிர்ப்பே இல்லாத இடத்தில் போர்ச் சொற்கள் வேண்டாம். ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் போகிற இடமெல்லாம் மாணவர்களிடம் கனவு காணச் சொன்னார். அதற்கு 'போராடினார்' பொருந்தாது. 'வலியுறுத்தி வந்தார்', 'எடுத்துச் சொன்னார்', 'ஊக்கினார்' போதும். அதே காரணத்தால், கடற்கரையைச் சுத்தமாக வைப்பது பற்றிய பள்ளி மாணவர்களின் பேரணிக்கு 'விழிப்புணர்வு ஏற்படுத்தினர்' என்பது தேய்ந்த சொல்லாக இருந்தாலும் 'களமிறங்கினர்' என்பதைவிட மேல்.

மனுவில் ஏறுவரிசை

மனுவின் வினைகளுக்கு ஒரு படிவரிசை இருக்கிறது: வேண்டுகிறோம், கேட்டுக்கொள்கிறோம், கோருகிறோம், வலியுறுத்துகிறோம், எச்சரிக்கிறோம். முதல் மனுவிலேயே 'வலியுறுத்துகிறோம்' என்று தொடங்கினால் அடுத்த மனுவுக்கு ஏறப் படி இருக்காது. முதல் மனுவுக்குக் 'கோருகிறோம்'. பதில் வரவில்லை என்றால், இரண்டாவது மனுவில் 'பார்வை' என்ற இடத்தில் முதல் மனுவின் தேதியையும் ரசீது எண்ணையும் போட்டு 'மீண்டும் வலியுறுத்துகிறோம்'. 'எச்சரிக்கிறோம்' தட்டிக்கு உரியது. தனி மனிதர் தன் வீட்டுக்கோ ஓய்வூதியத்துக்கோ எழுதும்போது 'வேண்டிக்கொள்கிறேன்' இயல்பு. ஊர் எழுதும்போது அதே சொல் ஊரைக் கீழே இறக்கிவிடும். 'மன்றாடுகிறோம்' வேண்டவே வேண்டாம். மன்று என்றால் அவை, அவையில் வழக்குச் சொல்வது என்ற பொருள் அதற்கு ஒரு காலத்தில் இருந்தது. இன்று கெஞ்சுவது என்ற பொருளே நிற்கிறது.

கோருகிற வினைக்கு முன்னால் வரும் செயலும் துல்லியமாக இருக்க வேண்டும். கடல் அட்டை 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது, பிடித்தால் வழக்கு. இதைப் பற்றி எழுதும்போது 'தடையை நீக்கக் கோரி', 'தடையைத் தளர்த்தக் கோரி', 'தடையை மறுபரிசீலனை செய்யக் கோரி' ஆகிய மூன்றும் மூன்று வேறு கோரிக்கைகள். நீக்குவது என்றால் அட்டவணையிலிருந்தே எடுப்பது. தளர்த்துவது என்றால் சில இனங்களுக்கோ சில மாதங்களுக்கோ விலக்குக் கேட்பது. ஊர்க்கூட்டம் எதை முடிவு செய்ததோ அதை மட்டும் எழுதுங்கள்.

கச்சத்தீவு விஷயத்திலும் இதே கதை. 1974 ஒப்பந்தம் தீவை இலங்கை எல்லைக்குள் வைத்தது, ஆனால் இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போல் அங்கே போய்வரலாம் என்றும் சொன்னது. 1976இல் மன்னார் வளைகுடா எல்லை வரையறுக்கப்பட்டது. 'கச்சத்தீவை மீட்கக் கோரி' என்பது ஒரு கோரிக்கை, 'கச்சத்தீவு அருகே மீன்பிடி உரிமை கோரி' என்பது வேறு, 'அந்தோணியார் திருவிழாவுக்குப் போய்வர வசதி கோரி' என்பது மூன்றாவது. 'கச்சத்தீவு உரிமைக்காகக் குரல் கொடுப்போம்' என்று எழுதினால் மூன்றும் கலங்கி, கேட்டது எதுவென்று தெரியாமல் போகும்.

யாருக்காக என்பதும் இந்தக் கரையில் சுலபமான கேள்வி இல்லை. 'மீனவர்களுக்காக' என்றால் விசைப்படகா, நாட்டுப்படகா, கரைவலையா, பாசி எடுப்பவர்களா, கீழக்கரைப் பக்கம் சங்கு குளிப்பவர்களா? விசைப்படகுக்காரர் கேட்பதை நாட்டுப்படகுக்காரர் எதிர்ப்பது வழக்கம். ஆளைச் சொல்லாத மனுவை இரண்டு தரப்பும் நம்பாது.

ஒரு பத்தியை நேராக்குவது

மேலே சொன்னதெல்லாம் ஒரே வாக்கியத்தில் தவறிப்போகும் மாதிரி ஒன்று:

'நாட்டுப்படகு மீனவர்களின் வாழ்வாதார உரிமைகளுக்காக வீறுகொண்டு எழுந்து தொடர்ந்து குரல் கொடுத்து வரும் எங்கள் சங்கம், விசைப்படகுகளின் அத்துமீறலுக்கு எதிராக அரசு உடனடியாகத் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அறைகூவல் விடுத்து மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது.'

'வீறுகொண்டு' மேடைச் சொல், மனுவைப் படிக்கும் எழுத்தருக்கு அதில் எடுத்துக்கொள்ள எதுவுமில்லை. 'அறைகூவல்' என்றால் சண்டைக்கு அழைப்பது. அதையும் 'பணிவுடன்' என்பதையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. 'குரல் கொடுத்து வரும்' என்பது சங்கத்தைப் பற்றிய புகழ்ச்சி, கோரிக்கை இல்லை. 'அத்துமீறல்' எங்கே, எந்த எல்லையை மீறி? 'தக்க நடவடிக்கை' என்று கேட்டால் 'தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்றே பதில் வரும். நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டதாகக் கோப்பை மூடிவிடலாம்.

மாற்றி எழுதினால்:

'கரையிலிருந்து வரையறுக்கப்பட்ட கடல் மைல் எல்லைக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்பது 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உள்ள விதி. எங்கள் ஊருக்கு நேரே இந்த எல்லைக்குள் விசைப்படகுகள் மடி இழுப்பதால் நாட்டுப்படகுகளின் வலைகள் அறுபடுகின்றன. கடந்த மாதம் வலை இழந்தவர்களின் பெயர், நாள், படகுப் பதிவு எண் ஆகியவை இணைப்பில் உள்ளன. எல்லைக்குள் ரோந்து நடத்தவும், வலை இழந்தவர்களுக்கு இழப்பீடு வழங்கவும் கோருகிறோம்.'

உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. இணைப்பில் இருக்கும் பட்டியல்தான் வேகத்தைச் சுமக்கிறது. ஒரு எச்சரிக்கை: எல்லையின் அளவைச் சொல்லும்போது 3 கடல் மைல் என்பதை 3 கிலோமீட்டர் என்பதுபோல் எழுதிவிடாதீர்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், மூன்று சேர்ந்தால் ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர். தவறாக எழுதினால் உங்கள் கையாலேயே இரண்டரைக் கிலோமீட்டர் கடலை விட்டுக்கொடுத்ததாக ஆகும்.

வினையோடு ஒட்டும் அடைகளிலும் இதே சிக்கனம் வேண்டும். 'முழுமூச்சாக', 'விடாமல்', 'உறுதியாக' போன்றவை எங்கும் செல்லும். 'ஆவேசமாக' ஒரு நிமிடக் கொதிப்பைத்தான் சொல்லும், பத்து வருட உழைப்பை அல்ல. 'தீவிரமாக' கட்டுரையில் சரி, பெயருக்கு முன்னால் வந்தால் காவல்துறை அறிக்கையின் சாயல் வரும். 'வெறித்தனமாக' நடிகர்களின் ரசிகர்களோடு நின்றுகொள்ளட்டும். இரண்டு அடை சேர்ந்து வந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள், எதை எடுத்தாலும் பரவாயில்லை.

ஒற்று

இந்த வினைகளில் ஒற்றுப் பிழை அடிக்கடி வருவது நான்கு இடங்களில். '-க்காக' என்பதன் பின் வல்லினம் மிகும்: மீனவர்களுக்காகப் போராடினார், ஊருக்காகப் பாடுபட்டார். '-த்து' என்று முடியும் எச்சத்தின் பின்னும் மிகும்: எதிர்த்துப் போராடினர், கண்டித்துப் பேசினர். '-ந்து' என்று முடிந்தால் மிகாது: பரிந்து பேசினார், தொடர்ந்து குரல் கொடுத்தார். 'என' மிகும், 'என்று' மிகாது: வேண்டும் எனக் கோரினர், வேண்டும் என்று கோரினர். சுவரொட்டியில் ஒற்று விட்டால் ஊர் சிரிக்காது, ஆனால் 'பரிந்துப் பேசினார்' என்று தேவையில்லாமல் போட்டால் கண்ணில் உறுத்தும்.

ஆளுக்கு என்ன பெயர்

வினைக்குப் பிறகு வரும் கேள்வி, அப்படி நிற்கிறவரை என்னவென்று அழைப்பது. 'போராளி' மற்ற ஊர்களில் தாராளமாகப் புழங்குகிறது. பாக் நீரிணைக் கரையில் வேறு கதை. மண்டபத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அகதிகள் முகாம் என்ற பெயரை 2021இல் அரசு மாற்றியது. இங்கே பெரியவர்களுக்குப் 'போராளி' என்றதும் நினைவுக்கு வருவது ஆயுதம் ஏந்தியவர்கள். பாசி எடுக்கும் பெண்மணியை 'கடல் போராளி' என்று பட்டம் கொடுத்து எழுதினால், பாராட்டு என்று நினைத்து அவருக்கு வீண் விசாரணையைத் தேடிக்கொடுப்பதாகலாம். 'ஆர்வலர்' வெளியிலிருந்து அக்கறையோடு வருபவருக்கு. ஊருக்குள் இருப்பவரை ஆர்வலர் என்றால் அது அவருடைய பொழுதுபோக்கு என்ற தொனி வரும். 'செயற்பாட்டாளர்' சிற்றிதழில் நன்றாக இருக்கும், மைக்கில் படிக்க வராது. ஊர்த் தலைவர், சங்கச் செயலாளர், ஜமாத் நிர்வாகி, மகளிர் குழுத் தலைவி என்று உள்ள பொறுப்பைச் சொல்வதே கனமானது. பொறுப்பு எதுவும் இல்லாதவர் என்றால் 'பாசி எடுக்கும் தொழிலாளி' என்று தொழிலைச் சொல்லிப் பெயரைச் சொல்லுங்கள்.

எழுதி முடித்ததும், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக் கடற்கரைச் சாலையில் படித்துக்கொண்டு போவதாக நினைத்து ஒரு தடவை உரக்கப் படியுங்கள். காற்றில் வாக்கியத்தின் முதல் பாதி போய்விடும், கடைசி வினைதான் காதில் விழும். 'கண்டித்து' என்பதற்கும் 'கோரி' என்பதற்கும் பிறகு நாளும் இடமும் வரட்டும்: 'சிறைபிடிக்கப்பட்ட மீனவர்களை விடுவிக்கக் கோரி, வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு, பஸ் ஸ்டாண்டு முன்பு, ஆர்ப்பாட்டம்.' இதே வரியை இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள். வண்டி ஓட்டுகிறவரிடம் வேகத்தைக் குறைக்கவும் சொல்லிவிடுங்கள்.